மூலையில் கிடந்த ஃபோர்க்

ஒரு மலை இருந்துச்சாம். மலைக்கு ஒரு பாதை, பாதைக்குப் பதினேழு கொண்டைஊசி வளைவு. அந்தப் பதினேழையும் கண்ணை மூடிக்கிட்டே வளைப்பேன் என்று சொல்லித் திரிந்த டிரைவர் ஒருத்தர் மலையடிவாரத்து ஊரில் இருந்தாராம். பேர் மொக்கராசு.

முப்பது வருஷம் பஸ்ஸை மலை ஏற்றி இறக்கியவர். பஸ்ஸில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் அவருடைய மோட்டார் சைக்கிளில் மட்டும் மனைவி விருமாயி ஏற மாட்டாள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. பதினோரு வருஷம்.

காரணம் ஊருக்கே தெரியும். ஒருநாள் இரண்டு பேரும் மலை இறங்கும்போது, ஏழாவது வளைவில் வண்டி நிற்காமல் பள்ளத்தில் இறங்கிவிட்டது. விருமாயிக்கு மணிக்கட்டு முறிந்தது.

"வளைவுல எதிர்ப்பக்கம் சாஞ்சுட்டா. பின்னால உட்காரத் தெரியலை" என்பார் மொக்கராசு. கேட்டவர்கள் சிரிப்பார்கள். விருமாயி ஒன்றும் சொல்ல மாட்டாள். அவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறுவாள், காசு கொடுத்து டிக்கெட் வாங்குவாள், ஜன்னலோரம் உட்காருவாள். மோட்டார் சைக்கிள் என்றால் மட்டும் பெரிய கும்பிடு.

வண்டி அன்றைக்கே தார்ப்பாய்க்குள் போனது. அது போலீஸ் ஏலத்தில் அவர் எடுத்த பழைய வண்டி. அவரைவிட நாலே வயசு இளையது.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை மொக்கராசு தார்ப்பாயைத் தூக்கினார். எலி ஒன்று ஓடியது. மாதக் கடைசியில் மலைமேல் இருக்கும் கொழுந்தியாள் வீட்டில் புதுமனை புகுவிழா. அதற்கு விருமாயியைப் பின்னால் உட்கார வைத்துப் போக வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் ஆசை. பஸ் ஏறிப் பழைய சாமான் கடைகளில் அலைந்து, இந்தக் காலத்து ரேஸ் வண்டியின் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கால், ஒரு ஜோடி வாங்கி வந்தார். தங்க நிறம், தொடை கனம். கூடவே சக்கரமும் டிஸ்க் பிரேக் இரண்டும்.

எல்லாவற்றையும் பிலோமினாவின் பட்டறையில் கொண்டுபோய் இறக்கினார்.

பிலோமினாவுக்கு முப்பத்து மூன்று வயது. அவளுக்கு அப்பா வயசுக்காரர்கள்கூட அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளிடம் ஒரு பழக்கம். லேத்தை மட்டும் அவள் ஓட்டுவாள். மற்ற வேலையெல்லாம் வண்டிக்காரர்தான் செய்ய வேண்டும். அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அப்படி அவளிடம் வந்து, கையில் கிரீஸ் படிந்து, சிஷ்யராகிப் போனவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர். அறுபது வயசில் மொக்கராசும் ஒரு சிஷ்யர் ஆனார்.

"மேஸ்திரி, இதைப் போட்டா அவ உட்காருவாளா?"

"முதல்ல பழைய ஃபோர்க்கைக் கழற்றுங்க. கழற்றின ஃபோர்க்கைக் கடைசி வாஷர் வரைக்கும் பிரிங்க."

"தூக்கிப் போடப்போற சாமான். அதை எதுக்குப் பிரிக்கணும்?"

"பிரிச்சுப் பாருங்க."

மொக்கராசு பழைய ஃபோர்க்கை வண்டியிலிருந்து கழற்றினார். சக்கரம், பிரேக் டிரம் எல்லாம் சேர்ந்தபடியே அதை உருட்டிக்கொண்டுபோய் மூலையில் சாய்த்தார். பிரிக்கவில்லை. புதுசின்மேல்தான் அவருக்குக் கண்.

புதுசு லேசில் சேரவில்லை. பழைய வண்டியின் கழுத்துக்குள் புது ஃபோர்க்கின் நடுத்தண்டு லொடலொடவென்று ஆடியது. பிலோமினா பழைய தண்டைப் பிரஸ்ஸில் வைத்துப் பிதுக்கி எடுத்தாள். புது ஃபோர்க்கின் தட்டில் அதைப் பொருத்த லேத்தில் ஒரு புஷ் வளையம் கடைந்து, இறுக்கிக் கொடுத்தாள். மொக்கராசு பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தார். ஏற்றினார். ஹேண்டிலைத் திருப்பினால் ஃபோர்க் பெட்ரோல் டேங்கில் இடித்தது. அதற்கு ஒரு தடுப்புக் கட்டை பற்றவைத்தார்கள். இருபது நாள் ஓடிப்போயிற்று.

"என்ன மேஸ்திரி, அறுபத்தெட்டு மாடல் கிழவனுக்குப் புது மாப்பிள்ளைக் கால்!"

"மூலையில இருக்கிறதை இன்னும் பிரிக்கலையே, டிரைவரய்யா."

"அட, அது எங்க போகப்போகுது?"

இருபத்தோராம் நாள் ஓட்டிப் பார்த்தார். பட்டறை வாசலிலிருந்து புளியமரம் வரை வேகமாகப் போய், ஒரு விரலால் பிரேக்கைத் தொட்டார். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. திரும்பி வந்தபோது சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"இப்ப உட்காருவாளா, மேஸ்திரி?"

"கூட்டிட்டு வந்து கேளுங்க."

மறுநாள் காலை விருமாயி வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். குனிந்து பார்த்தாள்.

"தங்கக் கால் போட்டிருக்கு. இதென்னங்க ரெண்டு பக்கமும் இட்லித் தட்டு?"

"அதான் பிரேக்கு!"

"நிக்குமா?"

"தொட்டா நிக்கும்."

விருமாயி சீட்டைக் கையால் தடவினாள். உதட்டில் சிரிப்பு வரப் பார்த்தது. சீட்டின்மேல் இருந்த தூசியை முந்தானையால் தட்டிக்கூட விட்டாள்.

மொக்கராசுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பயப்படாம ஏறு. இனி நீ எந்தப் பக்கம் சாஞ்சாலும் விழாது!"

விருமாயியின் கை சீட்டிலிருந்து விலகியது.

"நல்லா இருக்குங்க. நீங்க ஓட்டிட்டு வாங்க. நான் பஸ்ஸுலயே வாரேன்" என்றாள். பிலோமினாவைப் பார்த்து, "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். பஸ் ஸ்டாப் பட்டறையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம்தான். அங்கே வேப்பமர நிழலில் போய் நின்றாள்.

மொக்கராசு வண்டியின் பக்கத்திலேயே நின்றார்.

"என்ன மேஸ்திரி இது? இன்னும் என்ன மாட்டணும்? பின்னால பிடிமானக் கம்பி வைக்கலாமா? சீட்டு உயரமோ?"

பிலோமினா மூலைக்குப் போனாள். பழைய ஃபோர்க்கை உருட்டி வந்து அவர் முன்னால் படுக்க வைத்தாள். ஒரு ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தாள்.

மொக்கராசு முணுமுணுத்துக்கொண்டே குந்தினார். ஃபோர்க்கின் இடது காலின் நடுவில் ஒரு துணி சுற்றியிருந்தது. எண்ணெயும் புழுதியும் ஏறி, கறுத்துத் தோல் மாதிரி ஆகியிருந்தது. முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்து அவிழ்த்தார். உள்மடிப்பில் மட்டும் கொஞ்சம் நிறம் மிச்சம் இருந்தது. நீலம், அதில் மஞ்சள் பொட்டு.

"என்ன துணி?" என்றாள் பிலோமினா.

"அவ பழைய சேலை. ஒரு முழம் கிழிச்சேன்."

"எதுக்கு?"

"ஃபோர்க்குல ஆயில் சீல் போயிருச்சு. எண்ணெய் கசிஞ்சுச்சு. வழியாம இருக்கக் கட்டினேன்."

"எப்ப கட்டினீங்க?"

"மலைக்குப் போனதுக்கு முந்தின நாளு."

சொல்லிவிட்டு மொக்கராசு நிமிர்ந்து பார்த்தார். அவள் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மைத் திறந்தார்.

உள்ளே பிரேக் லைனிங் இரண்டும் கருகருவென்று பிசுக்கேறி இருந்தன. விரலால் தொட்டார். பதினோரு வருஷம் கழித்தும் விரல் வழுக்கியது. ஃபோர்க்கின் காலைப் பார்த்தார். துணி இருந்த இடத்திலிருந்து டிரம் வரைக்கும் எண்ணெய் இறங்கிய தடம், வரைந்து வைத்த மாதிரி தெரிந்தது.

"எண்ணெய் பட்ட லைனிங் பிடிக்குமா, டிரைவரய்யா?"

"பிடிக்காது."

"யார் சொன்னது?"

"நான்தான். டெப்போவுல புதுசா வர்ற டிரைவருங்களுக்கு முதல் பாடமே அதான்."

புளியமரத்தில் காக்கை கத்தியது. வெளியே யாரோ வண்டிக்குக் காற்றடிக்க வந்து, யாரும் எழுந்து வராததைப் பார்த்துத் திரும்பிப் போனார்.

"அவ சாயவே இல்லை, தாயி" என்றார் மொக்கராசு. மேஸ்திரி என்று சொல்ல மறந்துபோனது.

பிலோமினா கைதுடைக்கும் துணியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதை எடுக்கவில்லை.

"கல்யாண வீட்டுல சொல்லியிருக்கேன். டீக்கடையில சொல்லியிருக்கேன். அவ கூடப்பிறந்தவங்க எதிர்லயே சொல்லியிருக்கேன். அவளும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. பதினோரு வருஷம் ஓடிப்போச்சு. இனி அவ்வளவு தூரம் பின்னால போயி, இதை எப்படித் தாயி சரி பண்றது?"

பிலோமினா அவருக்கு எதிரே குந்தினாள்.

"மலையில எதிர்ல லாரி வந்து நின்னா, பஸ்ஸைப் பின்னால எடுத்திருக்கீங்கள்ல?"

"எத்தனையோ தடவை."

"பள்ளம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எங்க தெரியும்? கண்டக்டர் இறங்கிப் பின்னால நிப்பான். அவன் ஊதற விசிலைக் கேட்டுத்தான் எடுக்கணும்."

"அவர் விசில் ஊதறப்ப நீங்க பேசுவீங்களா?"

"பேசினா விசில் கேட்காதே" என்றார் மொக்கராசு. வேப்பமர நிழலில் நின்றவளைப் பார்த்தார்.

தூரத்தில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. அவர் எழுந்தார். அந்த ஒரு முழத் துணியை நாலாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். தங்கக் கால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.