பேர் எழுதிய குடை

இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் மீசை இந்த இடத்திலேயே உதிரட்டும்! அத்தனையும் சத்தியம்.

“மேடம், நாளைக்கு ஒரு செத்த மனுஷனைத் திருடன்னு சொல்லப்போறேன்.”

சொன்னவர் வக்கீல் பொன்னுரங்கம். பதிப்புரிமையின் வரலாற்றை ஆராய்ந்து பட்டம் வாங்க அறுபது வயதில் வந்தவர். நகம் கடித்துக் கடித்து முழங்கை வரை வந்திருந்தார்.

மேடம் என்பது அவருடைய நெறியாளர், பேராசிரியை மங்களேஸ்வரி. வக்கீலைவிட இருபது வயது சின்னவர்.

“உட்காருங்க வக்கீல் சார். நாற்காலி உங்க மேல கேஸ் போடாது.”

அவர் உட்காரவில்லை.

“ஒரே கும்மிப்பாட்டுப் புத்தகம். அந்தக் காலத்துல ரெண்டு பேர் அச்சடிச்சிருக்காங்க. ரெண்டுலயும் வருஷம் இல்ல. தேவராசு புத்தகத்துல ‘பதிவு செய்யப்பட்டது, எவரும் அச்சிடக் கூடாது’ன்னு இருக்கு. சவரிராயன் புத்தகத்துல அது இல்ல. சவரிராயன்தான் திருடன்னு எழுதிட்டேன்.”

“அப்புறம் என்ன?”

“சவரிராயனோட பேத்தி நாளைக்கு வாய்மொழித் தேர்வுக்கு வர்றாங்களாம். முன்வரிசையில உட்காருவாங்களாம்.”

வெளியே மழை. நூலகப் படியில் கெண்டை துள்ளியது. ஒன்றை நானே கையால் பிடித்தேன்.

மங்களேஸ்வரி மூலையிலிருந்த குடையை எடுத்து நீட்டினார். கைப்பிடியில் வெள்ளை எழுத்து: ‘மங்களேஸ்வரியின் குடை. எவரும் எடுக்கக் கூடாது.’

“இது யாரோடது சார்?”

“உங்களோடது. அதான் எழுதியிருக்கே.”

“பஸ்ல கிடந்தது. தூக்கிட்டு வந்த அன்னிக்கே எழுதிட்டேன்.”

வக்கீல் இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்போ, நிஜமான சொந்தக்காரர் எழுதி வைக்கலையா?”

“அவர் எதுக்கு எழுதணும்? தன்னோடதுன்னு அவருக்குத்தான் தெரியுமே!”

பொன்னுரங்கம் ஆய்வேட்டைப் பிரித்தார். சவரிராயன் பேரை அடித்தார். அதே வேகத்தில் மேலே ‘தேவ’ என்று எழுதினார்.

“சார்.”

“என்ன மேடம்?”

“பஸ்ல எடுத்தேன்னு நான் சொன்னதுக்கு என்ன சாட்சி?”

பேனா ‘தேவ’வோடு நின்றது.

மங்களேஸ்வரி குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் பேத்தி முன்வரிசையில் உட்கார்ந்து ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். வக்கீல் இரண்டையும் அடித்த அடியில் தாத்தா பேரும் தெரியவில்லை, ‘தேவ’வும் தெரியவில்லை.

இதைச் சொன்னது நான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்தக் குடை என்னுடையது. போய்க் கேட்டால் சாட்சி கேட்பார்கள்.