காரணம் கேட்ட ராஜாவும் கட்டியம் நின்ற காலையும்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் உடனே நாலு பேர் தங்களைத்தான் சொல்கிறேன் என்று சண்டைக்கு வருவார்கள். அந்த நாட்டை அதிசய பூபதி என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர். யாரையும் அநாவசியமாகச் சவுக்கால் அடிக்கச் சொல்ல மாட்டார். அவருக்கு இருந்த ஒரே வியாதி, ஒரு விஷயம் புதுசு என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அது அன்றைக்கே நடந்தாக வேண்டும்.

பெரிய மந்திரி சந்திரசூடருக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். கடல் கடந்த தேசங்களைச் சுற்றிப் பார்த்து நல்லது கற்று வருகிறேன் என்று அரண்மனைச் செலவில் கிளம்பியவர், பல மாதம் கழித்து, முன்னைவிடச் சற்றே பருத்துத் திரும்பி வந்தார். வந்த அன்றே சபையில் எழுந்து நின்றார்.

"மகாராஜா, அந்தத் தேசங்களில் காரணம் தெரியாமல் ஒருவன் ஒரு துரும்பைக்கூட அசைப்பதில்லை. நாமோ அப்பன் செய்தான், பாட்டன் செய்தான் என்று சகலத்தையும் செய்து கொண்டிருக்கிறோம். உலகம் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது."

உலகம் சிரிக்கும் சத்தம் அதுவரை ராஜாவின் காதில் விழுந்ததில்லை. மந்திரி சொன்ன பிறகு ராத்தூக்கம் போகும் அளவுக்கு விழ ஆரம்பித்தது. மறுநாளே உத்தரவு பிறந்தது. நாட்டில் உள்ள ஒவ்வொரு வழக்கத்துக்கும், அதைச் செய்கிறவனே சபைக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் மறுநாள் காலையிலிருந்து அந்த வழக்கம் கிடையாது. இதை விசாரிக்கக் 'காரண சபை' என்று ஒன்று அமைத்தார்கள். அதற்குத் தலைவர் சந்திரசூடர்தான் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஏரிக்காரன் வந்தான். மதகைத் திறப்பதற்கு முன்னால் தமுக்கு அடிக்கிறாயே, ஏன் என்று கேட்டார்கள். பாவம், அவன் சிம்மாசனத்தைப் பார்த்ததே அன்றைக்குத்தான். "அடிக்கச் சொன்னாங்க, அடிக்கிறேன் சாமி" என்றான். தமுக்கு நின்றது. மறுநாள் மதகைத் திறந்ததும், வாய்க்காலில் துவைத்துக் கொண்டிருந்த ஊர்த் துணியெல்லாம் பக்கத்து நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சேனாதிபதி ஒரு வாரம் மனைவியின் சேலையைக் கட்டிக் கொண்டு படையைப் பார்வையிட்டார்.

அடுத்ததாக, கடைத்தெரு முனையில் ஆள் மட்டும் நுழையும்படி நட்டிருந்த கல்தூண்கள். காரணம் சொல்ல யாரும் வரவில்லை. தூண் எப்படி வந்து பேசும்? பிடுங்கி எறிந்தார்கள். அன்று சாயங்காலமே இந்தப் பக்கமிருந்து நெல் வண்டிகளும் அந்தப் பக்கமிருந்து உப்பு வண்டிகளும் உள்ளே புகுந்து, நடுவில் முட்டிக் கொண்டு நின்றன. முன்னால் போக வழியில்லை, திரும்ப இடமில்லை. மாடுகளை அவிழ்த்துக் கடைக் கூரை மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள்.

ஊர் தலைகால் புரியாமல் தவித்தது. எது இருக்கிறது, எது போய்விட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. பந்தியில் உட்கார்ந்தவன் முதலில் இனிப்பைத் தொடுவதா ஊறுகாயைத் தொடுவதா என்று தெரியாமல் இலையைப் பார்த்துக் கொண்டே இருந்தான். எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லலாமா என்று பயந்து, தெரிந்தவர்கள் எல்லாம் சந்து வழியாகப் போனார்கள். ராஜாவுக்கே குழப்பமாகத்தான் இருந்தது. "என்ன மந்திரி, இப்படி ஆகிறதே?" என்றார்.

"புதுமை உடம்பில் ஒட்டும் வரை கொஞ்சம் அரிக்கத்தான் செய்யும், மகாராஜா" என்றார் சந்திரசூடர்.

இந்த நாட்டில் வேம்பன் என்று ஒரு விகடகவி இருந்தான். பேருக்கு ஏற்ற வாய். ராஜாவின் முகத்துக்கு நேரே எதையும் சொல்வான், ராஜா சிரிப்பார். அது மந்திரிகளுக்கு எரிச்சல். ஒருநாள் வேம்பன் எழுந்து, "காரண சபை எதற்கு என்று காரண சபையில் கேட்கலாமா, மகாராஜா?" என்றான். ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சந்திரசூடர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் விசாரணைக்கு வந்த வழக்கம், அரண்மனையில் விகடகவி வைத்துக் கொள்ளும் வழக்கம்.

"இவன் ஏர் பிடிப்பதில்லை, வாள் பிடிப்பதில்லை. தின்கிறான், பேசுகிறான். விகடகவி எதற்கு? அவனே சொல்லட்டும். சொல்லத் தெரியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார் மந்திரி.

சபை முழுக்க வேம்பனைப் பார்த்தது. அவனுக்குப் பிழைப்பு அது ஒன்றுதான். வேறு நாட்டில் வேறு ராஜா இவன் நாக்கை ஒருநாள்கூட விட்டு வைக்க மாட்டான். கையைக் கட்டிக் கொண்டு முன்னால் வந்தான்.

"எனக்கே குழப்பமாக இருக்கிறது, மகாராஜா. நாளைக்கு இதே சபையில் சொல்ல அனுமதி தர வேண்டும்."

"தந்தோம். நாளைக்கும் சொல்ல முடியாவிட்டால் மூட்டையோடு கிளம்ப வேண்டியதுதான்" என்றார் ராஜா. சொல்லும்போது அவருக்கும் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் உலகம் சிரிக்கிறதே!

வேட்டை பலித்த குஷியில் சந்திரசூடர் அடுத்த ஆளையும் கூப்பிட்டார். அவர் கட்டியக்காரர் தாண்டவராயர். ராஜா சபைக்கு வரும்போது வாசலில் நின்று, "ராஜாதிராஜ, ராஜகம்பீர, அதிசய பூபதி மகாராஜா வருகிறார்! பராக்! பராக்!" என்று கூவுவது அவர் வேலை. அந்தக் குரலுக்குக் கோட்டைப் புறா எல்லாம் ஒருதரம் பறந்து மறுபடி உட்காரும்.

"ராஜா வருவது கண்ணுக்குத் தெரிகிறது. அதைக் கூவிச் சொல்வது எதற்கு?" என்றார் மந்திரி.

தாண்டவராயர் மீசையை ஒதுக்கிக் கொண்டு, தன் பாட்டனாரிலிருந்து ஆரம்பிக்கத் தயாரானார். அப்போது பக்கத்தில் நின்ற வேம்பனுக்கு என்ன தோன்றியதோ, அவர் காலை நறுக்கென்று மிதித்தான். பெரியவர் "ஆ" என்றவர் திறந்த வாயை மூடவில்லை, பேசவுமில்லை.

"பார்த்தீர்களா, மகாராஜா, இவருக்கும் தெரியவில்லை" என்றான் வேம்பன். "உத்தரவுப்படி கட்டியம் நாளைக் காலையிலிருந்தே கிடையாது அல்லவா?"

தனக்கு ஆதரவாக வேம்பன் பேசுவதைக் கேட்டு மந்திரிக்கே தலை சுற்றியது. இருந்தாலும் விடுவாரா? "நாளைக் காலையிலிருந்தே!" என்றார்.

அன்று சாயங்காலம் தாண்டவராயர் நொண்டிக் கொண்டே வேம்பன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏன்டாப்பா, நீ போறதுன்னா நீ போ. எம் பொழப்புல ஏன் மண்ணப் போட்ட? நான் உனக்கு என்னடா கெடுதல் பண்ணேன்?" பெரியவர் குரல் தழுதழுத்தது. புறாக்களைப் பறக்க வைத்த குரல் அது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. கால் ரொம்ப வலிக்குதா?"

"காலா இப்ப பெருசு? நாளைக்கு நான் எங்க போய் நிக்க?"

"நிக்கிற எடத்துலயே நில்லுங்க. வாய மட்டும் தொறக்காதீங்க. ராஜா வந்தா கும்பிட்டு வழி விடுங்க, அவ்வளவுதான். நம்ம ரெண்டு பேர் சோறும் அதுலதான் இருக்கு."

"எனக்கு ஒண்ணும் வெளங்கலடா."

"எனக்கே இப்பத்தாண்ணே வெளங்குச்சு" என்றான் வேம்பன்.

மறுநாள் காலை ராஜா கிளம்பினார். முன்னால் எக்காளம் இல்லை, பக்கத்தில் சாமரம் இல்லை. அதெல்லாம் காரணம் சொல்லத் தெரியாமல் போன வாரமே போய்விட்டன. தனி ஆளாக நடந்து வந்தார். தாண்டவராயர் பல்லைக் கடித்துக் கொண்டு கும்பிட்டு வழி விட்டார். பழக்கதோஷத்தில் ராஜா ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு உத்தரவு நினைவுக்கு வந்து, கதவைத் தள்ளிக் கொண்டு உள்ளே போனார்.

உள்ளே சபை நிறைந்திருந்தது. அத்தனை பேரும் வாசலை மறந்து சிரித்துக் கொண்டிருந்தார்கள். நடுவில் சந்திரசூடர், வாசலுக்கு முதுகைக் காட்டி, இடுப்பில் கை வைத்து, வயிற்றை முன்னால் தள்ளி, வாத்து மாதிரி அப்படியும் இப்படியும் ஆடி ஆடி நடந்து கொண்டிருந்தார்.

"மந்திரி! சூரியன் கிழக்கே உதிப்பதற்கு என்ன காரணம்? உடனே சொல்லும்! உலகம் சிரிக்கிறதே!" என்று ராஜாவின் குரலில் கேட்டார். சபை கைதட்டியது.

"கடல் கடந்த தேசத்தில் கேட்டு வந்து சொல்ல வேண்டியதுதானே?" என்றார் ஒரு குட்டி மந்திரி.

"கடலா? நான் துறைமுகத்தைக்கூடப் பார்க்கவில்லை ஐயா. அத்தனை மாதமும் மாமனார் வீட்டு ஊஞ்சல்தான், மூன்று வேளையும் நெய்தான்! வெறும் கையோடு வந்தால் நன்றாக இருக்காதே என்று வரும் வழியில் வண்டியில் யோசித்ததுதான் இந்தக் காரணப் பித்து. நம் வாத்து அதையும் விழுங்கிவிட்டது பாருங்கள்!"

எதிரே நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். குட்டி மந்திரி கண்ணாலேயே ஜாடை காட்டினார். சந்திரசூடருக்குப் புரியவில்லை. "என்ன, பேயைப் பார்த்த மாதிரி?" என்று திரும்பினார். வயிறு இன்னும் முன்னால்தான் தள்ளியிருந்தது.

ராஜாவின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. காதால் கேட்டது நிஜம்தானா என்ற சந்தேகம்கூட அவருக்கு வந்திருக்கும். கடைசியில் கத்தியே விட்டார்.

"எல்லார் தலையையும் வெட்டுங்கள்! ஒருவர் விடாமல்!"

"ஆகட்டும், மகாராஜா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வேம்பன் தோளில் மூட்டையோடு நின்றான். "ஆனால் நேற்றைய உத்தரவு நிலுவையில் இருக்கிறதே. முதலில் நான் காரணம் சொல்ல வேண்டும். தலைகள் எங்கும் போய்விடாது."

"சொல்லித் தொலை!"

"முதலில் தாண்டவராயருடைய காரணம். நான் சபையில் இவர்களோடு தினமும் நிற்கிறவன். 'பராக்' என்ற சத்தம் கேட்டதும் வாத்து நடை நிற்கும், வாய்கள் மூடும், எல்லோரும் பக்தியோடு வாசலைப் பார்ப்பார்கள். அந்தக் குரல் தங்களுக்காக அல்ல, மகாராஜா. தாங்கள் வருவது தங்களுக்குத் தெரியாதா? அது இவர்களுக்காக. பாவம், இவர்களுக்கே அது தெரியாது. அதனால்தான் தம் கையாலேயே அதை நிறுத்திக் கொண்டார்கள்."

ராஜா குழம்பிப் போய்ச் சிம்மாசனப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்படியானால் தினமும் இதுதானா நடக்கிறது?"

"தினமும்தான். தங்கள் தகப்பனார் காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கும். முதுகுக்குப் பின்னால் ராஜாவைப் பேசாத சபை எங்கே இருக்கிறது? பேசிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதையெல்லாம் கேட்கிற ராஜா, ஒரே காலையில் அத்தனை தலையையும் வெட்டிவிட்டு மத்தியானம் தனியாக உட்கார்ந்திருப்பார். அதனால்தான் யாரோ ஒரு புத்திசாலி ராஜா வாசலில் ஓர் ஆளை நிறுத்திச் சத்தம் போடச் சொல்லியிருக்கிறார்."

ராஜா சுற்றிலும் பார்த்தார். வெட்ட வேண்டிய தலைகள் எல்லாம் குனிந்திருந்தன. வெட்டினால் நாளைக்குக் கணக்குப் பார்க்கவும் ஆளில்லை, காவல் பார்க்கவும் ஆளில்லை.

"சரி, உன் காரணம்?" என்றார்.

"போன மாதம் ஒருநாள், 'மகாராஜா, தங்கள் நடை வாத்து நடை' என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது. சிரித்துவிட்டு மோதிரம் கொடுத்தேன்."

"மந்திரியார் இப்போது சொன்னதும் அதேதான். அதற்குத் தலையை வெட்டச் சொன்னீர்கள். கட்டியம் தங்கள் காதுக்கு எட்டாமல் நிறுத்தி வைப்பதை, முகத்துக்கு நேரே, தாங்கள் தாங்குகிற அளவில் கொண்டு வந்து கொடுப்பது என் வேலை. இரண்டு பேரில் ஒருவர் இல்லாவிட்டாலும் இந்தச் சபை நடக்காது. இதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியாது. போகச் சொன்னால் போகிறேன்."

ராஜா படியிலிருந்து எழுந்து நாலு அடி நடந்தார். தன் காலைத் தானே குனிந்து பார்த்துக் கொண்டார்.

"வாத்துதான்!" என்றார். அவ்வளவுதான், சிரிப்பு பீறிட்டுக் கொண்டு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டு, மூட்டையைத் தானே வாங்கிக் கீழே வைத்தார். காரண சபையைக் கலைத்தார். தமுக்கும் கல்தூணும் அன்றே திரும்பி வந்தன. சந்திரசூடர் தலை தப்பியது. மாமனார் வீட்டுக்கே நிரந்தரத் தூதராக அனுப்பிவிட்டார்கள். ஊஞ்சல் உண்டு, நெய்ச் செலவு மட்டும் இனி அரண்மனை தராது.

மறுநாள் காலை தாண்டவராயர் வாசலில் நின்று, ஒரு நாள் சேர்த்து வைத்த குரலையும் சேர்த்துக் கூவினார். புறாக்கள் பறந்தன. ராஜா கதவருகே வந்தவர், உள்ளே இன்னும் யாரோ கிசுகிசுவென்று சிரிப்பதைக் கேட்டுச் சட்டென்று நின்றார். இரண்டு அடி பின்னால் வந்தார்.

"தாண்டவராயரே, இன்னொரு தரம் கூவும்" என்றார் சிரித்துக் கொண்டே. "பாவம், அவர்கள் இன்னும் முடிக்கவில்லை."