ராணியின் வெள்ளைக் கோழிகள்

முன்னொரு காலத்தில், போர்க்களத்தில் தலைகள் உருளுவதைக் கண்கொட்டாமல் பார்த்த ராஜா ஒருவர் இருந்தார். ஆனால் கோழி கோழியைக் கொத்துவதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

ராணியின் பிறந்தகத்திலிருந்து ஆறு வெள்ளைப் பெட்டைக்கோழிகள் சீர்வரிசையாக வந்தன. அரண்மனைக் கொல்லையில் ஏற்கெனவே பதினோரு கோழிகள் இருந்தன. அவற்றுக்கு ஒரு கறுப்புப் பெட்டைதான் தலைவி. வெள்ளைக் கோழிகளைத் திறந்துவிட்டதும் அது நிதானமாக நடந்து வந்து, முன்னால் நின்றதன் கொண்டையைப் பிடித்து இழுத்தது. மற்றப் பத்தும் சேர்ந்துகொண்டன. ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு வெள்ளைக் கோழி ஓடிவந்து ராணியின் சேலைக்குள் புகுந்துகொண்டது. ராணி அன்று முழுவதும் சாப்பிடவில்லை. ராணி சாப்பிடாததால் ராஜாவுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சபையில் ராஜா கேட்டார்: "வந்தவர்களை இருப்பவர்கள் கொத்துவதா? அதுவும் என் அரண்மனையிலா? இதை நிறுத்த இங்கே ஒருவருமில்லையா?"

பிரதானி மாறப்பர் எழுந்தார். விகடகவி நம்பியின் ஆசனம் தம்முடையதைவிட ஒரு படி மேலே இருப்பது அவர் கண்ணைப் பத்து வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது.

"மன்னவா, எதிரிகளையே சிரிக்கவைப்பவர் நம் விகடகவி. அவருக்குக் கோழிகள் எம்மாத்திரம்? பொறுப்பை அவரிடம் கொடுங்கள். ஆணையை நானே எழுதிவிடுகிறேன்."

எழுதி, வாசித்தும் காட்டினார். பதினைந்தாம் நாள் மன்னர் முன்னிலையில் பதினேழு கோழிகளையும் அரண்மனைக் கொல்லையில் ஒன்றாகத் திறந்துவிட வேண்டும். நடுவே தட்டி கூடாது. அலகையோ காலையோ கட்டக் கூடாது. ஒரு கோழியும் குறையக் கூடாது. அரண்மனைக் கோழி எதுவும் ராணியின் கோழியை ஒரு கொத்துக்கூடக் கொத்தக் கூடாது. கொத்தினால் விகடகவி ஆசனத்தையும் விட வேண்டும், நாட்டையும் விட வேண்டும்.

"சம்மதம்தானே, நம்பி?"

"சம்மதம், மன்னவா. பிரதானியே கோழிகளிடம் போய் இதை ஒரு தரம் வாசித்துவிட்டால் நல்லது. பிறகு அவை தெரியாது என்று சொல்லக் கூடாது பாருங்கள்."

சபை சிரித்தது. நம்பிக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. நாக்கைத் தவிர அவருக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

நேரே கொல்லைக்குப் போனார். கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் காத்தாயி, கொண்டை கிழிந்த கோழிக்கு மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

"காத்தாயி, இதுகள் ஏன் இப்படிக் கொத்துகின்றன? தீனி போதவில்லையா?"

"தீனி கொட்டிக் கிடக்குது சாமி. இது இடத்துக்கு. நேத்து வந்தவ நம்ம இடத்துல நின்னுருவாளோன்னு பயம்."

"அந்தக் கறுப்பிக்கா பயம்?"

"அதுக்குத்தான் ரொம்பப் பயம். மேல இருக்கறதுல்ல? இதே கறுப்பியை வேற கொல்லையில கொண்டுபோய் விடுங்க, வாலை இடுக்கிக்கிட்டு மூலையில நிக்கும்." மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியாததா சாமி? மூணு வருஷம் முன்னால கீழ்நாட்டுலேருந்து ஒருத்தர் விகடம் சொல்ல வந்தாரே, குழந்தையப்பன்னு."

நம்பி கொண்டை கிழிந்த கோழியின் பக்கம் குனிந்தார்.

"முத நாளு அவர் சொன்ன கதைக்கு ராசா விழுந்து விழுந்து சிரிச்சாராம். மறுநாள்லேருந்து நீங்க அவராட்டமே பேசிக் காட்டுனீங்களாம். கடைசி ஒரு வாரம் சபைக்குப் போகாம இங்கதான் உக்காந்திருந்தாரு. ஒரு கதை சொல்லுங்கன்னேன். கோழிங்க சிரிக்காது, பயமில்லாம சொல்லலாம்னு சொன்னாரு. சொல்லத்தான் இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போயிட்டாரு."

நம்பி தமக்கு அது அந்தந்த நாளின் விளையாட்டாகத்தான் இருந்தது என்று சொல்லிப் பார்க்க நினைத்தார். காத்தாயியின் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. கடைசியில், "பழைய பதினொன்றையும் பஞ்சாரக் கூடைகளில் போட்டு ஆற்றங்கரைத் தோப்புக்கு அனுப்பு. கொல்லையில் ஆறு மட்டும் இருக்கட்டும். தண்ணீர்ச் சட்டி, ராத்திரி ஏறி அடையும் கழி எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடு" என்றார்.

பதினைந்தாம் நாள் ராஜா, ராணி, பிரதானி, சபையார் எல்லோரும் கொல்லைக்கு வந்தார்கள். காத்தாயி பஞ்சாரங்களைத் திறந்தாள். கறுப்புப் பெட்டை வெளியே வந்தது. தன் கழி இருந்த இடத்தைத் தேடியது. அங்கே கழி இல்லை. அதற்குள் ஆறு வெள்ளைக் கோழிகளும் வரிசையாக ஓடிவந்தன. கொண்டை கிழிந்து ஆறிய கோழிதான் முதலில் கொத்தியது. கறுப்பி திருப்பிக் கொத்தவில்லை. தலையைச் சுவரோரம் செருகிக்கொண்டு நின்றது. மற்றப் பத்தும் அதன் பின்னால் ஒடுங்கின.

"ரத்தம், மன்னவா, ரத்தம். விகடகவி தோற்றுவிட்டார்" என்றார் பிரதானி.

"யார் யாரைக் கொத்துகிறார்கள், பிரதானியாரே?" என்றார் நம்பி.

"ராணியின் கோழிகள் அரண்மனைக் கோழிகளை."

"ஆணையில் அதற்குத் தடை உண்டா? நீங்கள் எழுதியதுதானே, வாசியுங்கள்."

பிரதானி ஓலையை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். இரண்டாம் தரம் பாதியிலேயே அவர் குரல் உள்ளே போய்விட்டது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராணியும் பதினைந்து நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

"பிழைத்தாய், நம்பி. என்ன வேண்டும், கேள். ஏன் முகம் இப்படி இருக்கிறது?"

"கொத்து நிற்கவில்லை, மன்னவா. அலகுதான் மாறியது." நம்பி கைகளைக் கூப்பினார். "எனக்கு ஒன்றும் வேண்டாம். முன்பு ஒருவர் இங்கே வந்திருந்தார். அவரைத் தேடி அழைத்துவர ஆள் அனுப்ப வேண்டும். என் ஆசனத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஓர் ஆசனம் போட வேண்டும். ஊருக்கு முன்னால் நான் அவரிடம்..."

"யாரது?"

"கீழ்நாட்டுக்காரர். குழந்தையப்பர்."

ராஜா நெற்றியைத் தேய்த்து யோசித்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "அடடே, அந்தத் திக்குவாயனா? நீ அவன் மாதிரி பேசிக் காட்டுவாயே, எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு. எங்கே, அவன் பெயரை அவன் மாதிரியே சொல், பார்ப்போம்."

"மன்னவா, இது விகடம் இல்லை. நான் அவரைத்தான் கேட்கிறேன். கு..."

நம்பி மறுபடி முயன்றார். "கு... கு..." அதற்கு மேல் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

கொல்லையே சிரிப்பில் அதிர்ந்தது. "கண்ணீர்கூட வரவழைக்கிறான் பாருங்கள்" என்று ராஜா சிரித்துக்கொண்டே தம் முத்தாரத்தைக் கழற்றி நம்பியின் கழுத்தில் போட்டார். பிரதானி மாறப்பரும் சிரித்தார்; சிரிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. காத்தாயி ஒருத்திதான் சிரிக்கவில்லை. ராஜா "இன்னொரு தரம், இன்னொரு தரம்" என்றார். நம்பியும் விடாமல் முயன்றார். அவர்கள் சிரித்து ஓயும்வரை அந்தப் பெயரின் முதல் எழுத்தை அவரால் தாண்ட முடியவில்லை.