இரண்டுங்கெட்டான் வயது

தவளைகளும் நம்மைப்போல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஓர் ஊரணியில் தத்தன் என்றொரு தலைப்பிரட்டை இருந்தான். கோடை தொடங்கும்போது அவனுக்கு நான்கு கால்களும் முளைத்துவிட்டன. வால் மட்டும் போகவில்லை.

தண்ணீருக்குள் தலைப்பிரட்டைகள் அவனை விளையாட்டில் சேர்க்கவில்லை. "கால் முளைச்ச பெரியவருக்கு இங்கே என்ன வேலை?" என்றன. கரையில், மழைக்காகப் பாடும் தவளைக் கூட்டமும் விரட்டியது. "வாலை ஆட்டிக்கிட்டு வர்றான் பாரு! போடா, போய் அம்மாவைக் கூட்டிட்டு வா!"

அந்தக் கூட்டத்தில் எப்படியாவது ஓர் இடம் வேண்டும் தத்தனுக்கு. ஒருநாள் வாலை மடக்கி அதன்மேலேயே உட்கார்ந்து, ஓரமாகச் சேர்ந்துகொண்டான். யாரும் கவனிக்கவில்லை.

ஊரணி வற்றிக்கொண்டிருந்தது. கீழே சேற்றில், மாட்டின் குளம்பு பதிந்த சிறு குழியில் இன்னும் கால் முளைக்காத அவன் தங்கை குமிழி சிக்கியிருந்தாள். குழியில் ஒரு கை தண்ணீர்கூட இல்லை.

"அண்ணே! இங்கே தண்ணி வத்துது. வந்து வாலை நீட்டண்ணே, புடிச்சுக்கிறேன்!"

பக்கத்துத் தவளை திரும்பியது. "வாலா? யாருடா அது, உன்னைப் பாத்து அண்ணேங்குது?"

"யாருன்னு தெரியலையே," என்றான் தத்தன்.

அதன்பின் குமிழி கூப்பிடவில்லை.

பாட்டு ஆரம்பமானது. தத்தனும் வாயைத் திறந்தான். காதெல்லாம் குழிப்பக்கமே இருந்தது. சட்டென்று எழுந்து சேற்றில் குதித்தான்.

"அடே, வாலைப் பாருடா! அங்கேயும் ஆகாது, இங்கேயும் ஆகாது. ரெண்டுங்கெட்டான்!" கரை முழுக்கச் சிரிப்பு.

தத்தன் குழிக்குள் வாலை விட்டான். குமிழி கவ்விக்கொண்டாள். புதுக் கால்களைச் சேற்றில் ஊன்றி ஊன்றி, தண்ணீர்வரை இழுத்து வந்து சேர்த்தான்.

"குமிழி, எங்கேயாவது அடிபட்டுச்சா?"

"இல்லைங்க," என்றாள் குமிழி. "நீங்க யாருன்னுதான் தெரியலை." ஆழத்துக்கு நீந்திப் போய்விட்டாள்.

கரையேறினால் கேலி. உள்ளே போனால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது? தண்ணீரின் விளிம்பிலேயே, கண்ணை மட்டும் வெளியே வைத்துக் கிடந்தான் தத்தன். இரையைத் தொடவில்லை. வால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி உடம்போடு மறைந்தது. அதைக்கூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கால் முளைத்தும் வால் போகாத தவளைக்குஞ்சு பட்டினியாக நீர்விளிம்பில் கிடப்பது அதற்குப் பிறகுதான். குழந்தையும் இல்லாமல் பெரியவரும் இல்லாமல், வீட்டாரைக் கண்டாலே தலையைக் குனிந்துகொள்ளும் வயதை 'இரண்டுங்கெட்டான் வயது' என்று மனிதர்கள் சொல்ல ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான்.