இஞ்ஞாசியண்ணன் டிரம்ஸுக்கு என்ன கலர்

"பெயிண்ட் அடிக்கணுமா, அப்படியே விடணுமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க டீச்சர்."

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குறதுக்குள்ளயே அருமைநாயகம் கேட்டுட்டார்.

கேட்டவருக்கு வயசு அறுபத்தொண்ணு. பதில் சொல்ல வேண்டிய ஜெசிந்தாவுக்கு முப்பத்திமூணு. பொன்மலையில டயர் கடைக்கு மேல ஒரு ரூம் எடுத்து டிரம்ஸ் சொல்லித்தர்ற பொண்ணு. ரயில் பெட்டிக்கு பெயிண்ட் அடிச்சு ரிட்டயர் ஆன மனுஷன், ஒரு வருஷமா இவகிட்ட சிஷ்யன். அதுல அவருக்கு ஒரு வெக்கமும் கிடையாது.

டிரம்ஸ் அவரோடது இல்லை, அண்ணன் இஞ்ஞாசியோடது. நாப்பது வருஷம் கல்யாண வீடு, கோயில் திருவிழான்னு வாசிச்ச மனுஷனுக்கு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சு. "நீ வாசி"ன்னு தம்பிகிட்ட தள்ளிவிட்டுட்டார்.

வர்ற ஞாயித்துக்கிழமை மாதா கோயில் திருவிழா. பாட்டுக்குழுவுல முதல் தடவையா அருமைநாயகம் வாசிக்கப்போறார். முன்வரிசையில சக்கர நாற்காலியில அண்ணன் உட்காரப்போறார். இன்னைக்குத் திங்கக்கிழமை.

"டிரம்ஸ் மேல ஒட்டியிருக்கிற ஜிகினா ஷீட்டு வாங்கின அன்னைக்கு நீலம் டீச்சர். இப்ப பாசி புடிச்ச தொட்டி மாதிரி கிடக்கு. பாட்டுக்குழு லீடர் அதை உரிச்சுட்டு புதுசா பெயிண்ட் அடிங்கன்றார். பெங்களூர்லேர்ந்து பழைய டிரம்ஸ் சேக்குற ஒருத்தர் போன்ல, ஒரிஜினல் சார், தொட்டுராதீங்கன்றார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குக் கை அரிக்குது. ஆனா உரிச்சா, அண்ணனோட நாப்பது வருஷத்தை நானே சுரண்டிப் போட்ட மாதிரி. உரிக்காம விட்டா, அவர் சாமானைக் குப்பையா மேடையில வச்ச மாதிரி. ஞாயித்துக்கிழமை அவர் முகம் சுருங்கிடுச்சுன்னா என்னால தாங்க முடியாது."



ஜெசிந்தா அவர் தோள்ல தொங்குன பையைப் பாத்தா.

"ஸ்னேரா?"

"ஆமா."

"வைங்க."

செட்டுலயே சின்னதா, அடித்தோல்ல கம்பி ஒட்டி அதிர்ற அந்த ஸ்னேர் டிரம்மை எடுத்து அவர் ஸ்டாண்டுல வச்சார். அவ குச்சியால ஒரே ஒரு அடி அடிச்சா.

தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு உருட்டின மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. ஜெசிந்தா குச்சியைக் கீழ வச்சுட்டா.

"என்ன பண்ணீங்க அங்கிள்?"

"ஒண்ணும் பண்ணலையே. என்ன பண்றதுன்னு கேக்கத்தானே வந்திருக்கேன்."

"போன மாசம் இது இப்படி இல்லையே."



"அடிப்பக்க விளிம்புல ரெண்டு எடத்துல தேஞ்சு பள்ளமா கிடந்துச்சு. பட்டி வச்சு அடைச்சு, உப்புத்தாள் போட்டு மட்டம் பண்ணேன். அது பெயிண்ட் வேலையில சேராது டீச்சர். அதுக்கு முந்தின வேலை."

முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். பள்ளத்தைக் கண்டா அந்தக் கை சும்மா இருக்குமா?

ஜெசிந்தா டிரம்மைத் தலைகீழாக் கவுத்தா. அடித்தோலைக் கழட்டினா.

"பள்ளம் எங்கெங்க இருந்துச்சு?"

"இங்க ஒண்ணு. நேர் எதிர்ல இங்க ஒண்ணு."

"அகலம்?"

"ரெண்டும் ஒரே அகலம். ஆழமும் ஒண்ணுதான். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி..."

அதோட நிறுத்திட்டார். விரல் விளிம்புலயே நின்னுடுச்சு.

"தேஞ்சா இப்படித் தேயாது," அவரே சொன்னார்.

ஜெசிந்தா ஸ்னேர் கம்பிச் சுருளை எடுத்துக் குறுக்கால புடிச்சுக் காட்டினா.

"அந்த ரெண்டு எடத்துல தோல் தணிஞ்சாத்தான் இந்தக் கம்பி ஒட்டி உக்காரும். அதுக்குன்னே செஞ்சவன் செதுக்கி வச்சது அங்கிள்."

"அடப்பாவி, அண்ணன் தொண்டையில நானே பட்டியை அப்பிட்டேனே."

தலையில அடிச்சுக்கிட்டார். கண்ணு கலங்கிடுச்சு. ஜெசிந்தா மேஜை டிராயரைத் திறந்து ஒரு பிளேடை எடுத்து நீட்டினா.

"எடுங்க."

"எது வரைக்கும் எடுக்கிறது?"

"பட்டி முடிஞ்சு மரம் வந்தா நிறுத்துங்க. இதைப் போய் என்கிட்ட கேக்குறீங்களே."

அவர் ஜன்னலோரமா உக்காந்து சுரண்ட ஆரம்பிச்சார். ரெண்டு கிளாஸ் பசங்க வந்து போனாங்க. டீ வந்து ஆறிப்போச்சு. குனிஞ்ச தலை நிமிரலை. ரெண்டு பள்ளமும் பழையபடி ஆனப்புறம்தான் எந்திரிச்சார். தோலை மாட்டி, கம்பியை மாட்டி, அவரே ஒரு அடி அடிச்சார்.

சுத்தமான சத்தம்.

"அப்பாடா," அருமைநாயகம் உக்காந்துட்டார். அப்புறம் மெதுவா, "டீச்சர், அந்தப் பெயிண்ட் விஷயம்?"

"இந்தப் பள்ளம் எதுக்குன்னு அடைக்கிறதுக்கு முந்தி யாரையாவது கேட்டீங்களா?"

"இல்லை."

"பெயிண்ட் விஷயத்தை எத்தனை பேர்கிட்ட கேட்டீங்க?"

"அது நிறையப் பேர்கிட்ட. லீடர், பெங்களூர்க்காரர், எங்க வீட்டம்மா, கீழ டயர் கடைக்காரர், இப்ப நீங்க."

"அஞ்சு பேர்."

"ஆமா, அஞ்சு பேர்."

"சரி, கிளம்புங்க அங்கிள். அடுத்த கிளாஸ்க்கு ஆள் வந்தாச்சு."

என்ன பொண்ணு இது, கேட்டதுக்குப் பதில் சொல்லாம வெரட்டுதுன்னு முணுமுணுத்துக்கிட்டே படி இறங்கினார். பஸ் ஸ்டாப்புல நின்னார். பஸ் வந்துச்சு. ஒரு காலைப் படியில வச்சவர் அப்படியே நின்னார்.

"ஏறுறீங்களா இல்லையா?" கண்டக்டர் கேட்டார்.

"இல்லப்பா. அண்ணன் வீடு அந்தப் பக்கம்."

பையைத் தோள்ல இழுத்து மாட்டிக்கிட்டு வெயில்ல விறுவிறுன்னு நடந்தார்.

இஞ்ஞாசி கட்டில்ல உக்காந்து இடது கையால தயிர்சோறு சாப்பிட்டுக்கிட்டிருந்தார். அருமைநாயகம் செருப்பை விட்டதும் விடாததுமா உள்ள போய், ஸ்னேர் டிரம்மை அண்ணன் பக்கத்துல வச்சார். இத்தனை நாள் கேக்காததுக்குக் காரணம் பயம்தான்.

"அண்ணே, இதை இப்படியே வச்சுக்கட்டுமா, உரிச்சுட்டுப் பெயிண்ட் அடிக்கட்டுமா? நீ சொல்லு."

இஞ்ஞாசி வாயில இருந்ததை மென்னு முழுங்கினார். பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவருக்கு வார்த்தை ஒவ்வொண்ணாத்தான் வரும்.

"உரி."

"நாப்பது வருஷமாச்சேண்ணே. ஒரிஜினல்ன்றாங்க."

"அன்னைக்குக் கடையில... இந்தக் கலர்தான்... இருந்துச்சு. எனக்கு... ஆகவே ஆகாது."

அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிப்போட கண்ணுல தண்ணியும் வந்துச்சு. தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள காஞ்சுடும்ணே. நான் காய வைக்கிறேன். என்ன கலர் வேணும் உனக்கு?"

இஞ்ஞாசி சோறு ஒட்டின இடது கையை நீட்டி, தம்பியோட சட்டைக்கையைத் தொட்டார்.

"சாயங்காலம்... வேலை விட்டு... சட்டையெல்லாம் பூசிக்கிட்டு... வருவியே. அந்தச் செவப்பு."