முளைத்த சோளமும் எரிந்த தண்ணீரும்

இந்தக் கதை எனக்கு நேராகத் தெரிந்ததல்ல. எனக்குச் சொன்னவரும் இன்னொருவர் சொல்லிக் கேட்டவர்தான். அதனால் முள்ளம்பன்றிக்கு அடுப்பு மூட்டத் தெரியுமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் பொம்மி என்ற எருமையும் குருவன் என்ற முள்ளம்பன்றியும் மற்ற விலங்குகளோடு சேர்ந்து மக்காச்சோளம் பயிரிட்டு வந்தன. அதை வாங்க ஒரே வியாபாரிதான் உண்டு. அது நரி! சோளத்துக்கு மாற்றாக நரி பெட்ரோல் கொண்டுவந்து தரும். பெட்ரோல் இருந்தால்தான் குளத்து நீரை வயலுக்கு இறைக்கும் என்ஜின் ஓடும்.

அந்த வருடம் அறுவடை முடிந்ததும் அடைமழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் தார்ப்பாயை விலக்கிப் பார்த்த பொம்மி அலறியது.

"ஐயோ குருவா! குவியல் முழுக்க முளை விட்டிருக்கு!"

நரி வந்தது. ஒரு மணியைக் கடித்துத் துப்பியது.

"முளைச்சதை யாரு வாங்குவா பொம்மி? நிலத்தை எனக்கு விட்டுட்டு, உன் கன்னுக்குட்டியோட வேற காடு பார்த்துப் போ!"

"பெட்ரோல் இல்லேன்னா அடுத்த விதைப்புக்குத் தண்ணி ஏது?"

"அதனாலதான் போகச் சொல்றேன்!"

பொம்மி கன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. முளைத்த தானியத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். மறுபடி முளைத்துவிடாதபடி மிதித்துக் கூழாக்கி, பாறைக்குழித் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். பொம்மி அழுதுகொண்டே மிதித்தது.

சில நாள் கழித்துக் காக்கை ஒன்று பின்பக்கமாக நடந்து வந்தது.

"பொம்மியக்கா, நீ ஏன் ரெண்டு பேரா நிக்கிறே?"

"என்னடா ஆச்சு உனக்கு?"

"பாறைக்குழியில ரெண்டு வாய் குடிச்சேன். அவ்வளவுதான்!"

குருவன் ஓடிப் போய்ப் பார்த்தது. குழி நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது!

"அக்கா, இது கெட்டுப் போகலை. வேற ஒண்ணா மாறிக்கிட்டிருக்கு!"

காக்கையை மயக்கியது எது என்று பிரித்துப் பார்க்க, குருவன் அதைப் பானையில் காய்ச்சியது. ஆவியை மூங்கில் குழாயில் இழுத்துக் குளிர வைத்தது. சொட்டியதை மறுபடியும் காய்ச்சியது. கடைசியில் தண்ணீர் போலத் தெளிவாக ஏதோ வந்தது. அதில் ஒரு சொட்டு அடுப்பில் விழுந்தது. குப்பென்று நீலமாகத் தீ எழுந்தது!

"தண்ணி எரியுது! தண்ணி எரியுது!"

முயல்கள் சிதறி ஓடின. பொம்மி குளத்துக்குள் குதித்தது. காக்கைக்குப் போதை ஒரேயடியாக இறங்கிவிட்டது.

"இதையா நான் குடிச்சேன்?"

என்ஜினை அதற்கேற்பக் கொஞ்சம் மாற்றி, குருவன் அதை ஊற்றியது. மற்ற விலங்குகள் எல்லாம் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. டப்... டப்... என்ஜின் ஓடியது! வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது.

பொம்மி திரும்பினால் இன்னோர் அதிர்ச்சி. பசியோடிருந்த கன்றுக்குட்டி, பானையடியில் மிஞ்சிய சக்கையைத் தின்றுகொண்டிருந்தது!

"துப்புடி! துப்புடி! எரியப் போகுது!"

"எரியலைம்மா. இன்னும் கொஞ்சம் குடு!"

நிலத்தை அளக்கக் கயிறோடு வந்த நரி, ஓடும் என்ஜினைப் பார்த்து வாய் பிளந்தது.

"யாரு... யாரு உங்களுக்குப் பெட்ரோல் குடுத்தது?"

"நீ கடிச்சுத் துப்பினியே, அதுதான் ஓடுது!" என்றது பொம்மி.

நரியின் கையிலிருந்த கயிறு நழுவி விழுந்தது. அடுத்த கரை விலங்குகள், விலை போகாத தங்கள் உடைந்த சோளத்தையும் காய்ச்சித் தரச் சொல்லிச் சுமந்து வந்தன. பானை கழுவவும் விறகு பிளக்கவும் நரிக்குடும்பத்துக்குக்கூட வேலை கிடைத்தது. கன்றோடு கரையை விட்டுப் போக வேண்டிய பொம்மி, அங்கேயே அடுத்த விதைப்பைத் தொடங்கியது.

வாங்குகிறவன் வேண்டாம் என்று சொன்னாலும் விளைந்தது வீணல்ல. அதற்கு இன்னொரு பயனைத் தம் ஊரிலேயே கண்டுகொண்டவர்களுக்கு நிலமும் நிலைக்கும், ஊரும் நிலைக்கும்.

நம்ப முடியாமல் பிறகு படித்துச் சரிபார்த்தேன். முள்ளம்பன்றியைப் பற்றி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் என்ற எரிசாராயம் எடுக்கும்போது அதன் மாவுச்சத்துதான் எரிபொருளாகிறது. புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் சக்கையிலேயே தங்கி, மாட்டுக்குத் தீவனமாகின்றன. கன்றுக்குட்டி சொன்னது சரிதான்.