ரெண்டு கரடி வீடு

ஒரே ஒரு ஊர்ல, மலையடிவாரத்துல, ரெண்டு கரடி வீடு இருந்துச்சாம். கரடி வளர்த்த வீடு இல்லடா, சிரிக்காத. அது வீட்டுப் பேரு. கீழத்தெருவுலயும் கரடி வகையறா, மேலத்தெருவுலயும் கரடி வகையறா. முதமுதல்ல காட்டை வெட்டிக் குடியேறுனாரே ஒரு பாட்டன், அவருகிட்டருந்து வந்த பேருன்னு சொல்லுவாங்க. ம் கொட்டு.

கீழக்கரடி வீட்டு வெள்ளத்தாயிக்கு மேலக்கரடி வீட்டு சடையாண்டி மேல உசுரு. அவங்களும் பொண்ணு கேட்டு வந்தாங்க. அப்போ ஊர்ப் பெரியவரு, "நில்லுங்கப்பா! ஒரே பாட்டன் வம்சம்னா பங்காளியாச்சே. அண்ணன் தங்கச்சிக்கா தாலி கட்டுவீங்க?"ன்னுட்டாரு. வெத்தலைத் தட்டு வந்த வழியே திரும்பிருச்சு. பாவம், அவ அழுத அழுகை இருக்கே!

அப்புறம் மூக்கைச் சிந்திட்டு, பாட்டன் ஒருத்தரா ரெண்டு பேரான்னு விசாரிக்கக் கிளம்பிட்டா.

முதல்ல ஒச்சுத்தேவர் தாத்தா. "ஒரே பாட்டன்தான் தாயி. கரடி வந்துச்சு, அருவாளை எடுத்தாரு, சதக்!"

அப்புறம் பேச்சியக்கா கிழவி. "சதக்கா? உர்ருன்னதும் சரசரன்னு மரத்துல ஏறுனவருடி அவரு! கீழ நின்னு கத்துனவரு இன்னொரு பாட்டன்."

ஒருத்தரா, ரெண்டு பேரா? வெள்ளத்தாயிக்குத் தலை கிறுகிறுன்னு வந்துருச்சு. உனக்கும் வருதா? எனக்கும்தான்.

அப்புறம் மூணாவதா மொக்கையம்மா கிழவி. "கரடியே வரலடி. அவருக்கு உடம்பெல்லாம் முடி!"

"பாட்டன் எத்தனை பேரு ஆத்தா?"

"அதை யாரு கண்டா? மூஞ்சியைப் பாரு, சாவு வீட்டுக்காரி கணக்கா. அடுப்பு பத்தவச்சு கஞ்சி காய்ச்சவா?"

சாவு வீடு, அடுப்பு... வெள்ளத்தாயி விருட்டுன்னு எந்திரிச்சா. நம்ம பக்கம் பங்காளி வீட்ல சாவுன்னா, பொணம் எடுக்கிற வரைக்கும் நம்ம அடுப்பும் எரியக்கூடாது. மாமன் மச்சான் வீட்லருந்துதான் சோறு வரணும். தெரியும்ல? ம்.

தடதடன்னு பெரியவரு முன்னாடி போய் நின்னா. "சடையாண்டியோட தாத்தா செத்தன்னைக்கு எங்க அடுப்பு எரிஞ்சுச்சு! எங்க அப்பத்தாதான் பொங்குனா. சோத்துப் பானையை நான்தான் தூக்கிட்டுப் போனேன். அவங்களும் சாப்பிட்டாங்க!"

மேலக்கரடி வீட்டாளுக, "ஆமா, சாப்பிட்டோம்"னாங்க.

பெரியவரு தாடையைச் சொறிஞ்சாரு. "உங்க அப்பத்தா முறை தெரியாம உலை வைக்க மாட்டா. அப்போ பங்காளி இல்ல. சரி, ரெண்டு வீட்டுக்கும் எப்படிக் கரடின்னு பேரு வந்துச்சு?"

"ரெண்டு கரடி வந்திருக்கும், தாலியை எடுங்க!"ன்னா வெள்ளத்தாயி.

பீப்பீ... டும்டும்!

எந்தக் கரடி நெசமா? எனக்கும் தெரியாதுடா, சத்தியமா. அந்த வெள்ளத்தாயிதான் உங்க தாத்தாவைப் பெத்தவ. அதனால நீ ரெண்டு பக்கமும் கரடி. கதை குகைக்குள்ள போயிருச்சு, கரடிக்குட்டி, நீயும் கண்ணை மூடு.